டோபமைன் பீக் ஸ்கேனுக்கு ஸ்கேன் சரிகிறது: குறை தங்க நானோ துகளிலா, என் முறையிலா?

தரமணி_ஆய்வாளர் (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். சென்னையில் ஒரு கல்லூரியில் பிஎச்.டி. இரண்டாம் ஆண்டு. உலோக நானோ துகள் பூசிய எலக்ட்ரோடில் டோபமைனையும் (மூளையின் நரம்புக் கடத்தி) கூடவே பாராசிட்டமாலையும் அளப்பதுதான் தலைப்பு. இன்னும் மூன்று வாரத்தில் டாக்டரல் கமிட்டி, நான் இரண்டு மாதமாக ஒரே இடத்தில் நிற்கிறேன். அதனால் செய்வதை எல்லாம் அப்படியே எழுதிவிடுகிறேன், எங்கே பிசகு என்று பார்த்துச் சொல்லுங்கள்.

எலக்ட்ரோடு 3 மில்லிமீட்டர் கிளாசி கார்பன். அலுமினாவில் 1, 0.3, 0.05 மைக்ரான் என்று வரிசையாகத் தேய்த்து, சோனிகேட்டரில் இரண்டு நிமிடம் போட்டு எடுக்கிறேன். தங்கத் துகளுக்கு பழைய சிட்ரேட் முறைதான், 1951-இல் டர்கெவிச் சொன்னது: குளோரோஆரிக் அமிலக் கரைசல் தளதளவென்று கொதிக்கும்போது ட்ரைசோடியம் சிட்ரேட்டை ஒரேயடியாக ஊற்ற வேண்டும், மஞ்சள் மறைந்து, கொஞ்ச நேரம் மை மாதிரி கறுத்து, பிறகு மாதுளைச் சாறு நிறத்துக்கு வந்து நிற்கும். யு.வி.யில் 521 நானோமீட்டரில் பீக் வருகிறது, அதனால் துகள் சரியாகத்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். அதில் 5 மைக்ரோலிட்டர் எடுத்து எலக்ட்ரோடு மேல் சொட்டு விட்டு, மூடி வைத்துக் காயவிடுகிறேன்.

இப்போது பிரச்சினை. பி.எச். 7.4 பி.பி.எஸ். (ஃபாஸ்பேட் உப்புக் கரைசல்) பஃபரில் 50 மைக்ரோமோலார் டோபமைன், சி.வி. (மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கி மின்னோட்டத்தை அளக்கும் சைக்ளிக் வோல்டாமெட்ரி) ஸ்கேன் மைனஸ் 0.2-இலிருந்து 1.2 வோல்ட் வரை (எங்கள் லேபில் முன்பு வேறு ஒரு பொருளுக்கு வைத்திருந்த விண்டோ, அதையே வைத்துக்கொண்டேன்). முதல் ஸ்கேனில் 0.18 வோல்ட்டில் அழகான பீக். பத்தாவது ஸ்கேனில் அதில் 60 சதவீதம்தான் மிச்சம். எலக்ட்ரோடை எடுத்துக் கழுவிவிட்டுத் திரும்பப் போட்டாலும் பழைய உயரம் வருவதில்லை.

இரண்டாவது, அஸ்கார்பிக் அமிலம் (வைட்டமின் சி) 500 மைக்ரோமோலார் சேர்த்தால் இரண்டு பீக்கும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன, அதைவிட விசித்திரமாக டோபமைன் பீக்கே பெரிதாகிறது. நான் டோபமைன் ஒரு துளிகூடக் கூடுதலாகச் சேர்க்கவில்லை.

மூன்றாவது, மருந்துக் கடையில் வாங்கிய டோபமைன் ஊசி மருந்தை நீர்த்து அளந்தால் ரெக்கவரி, அதாவது லேபிளில் போட்ட அளவோடு ஒப்பிட்டால் எனக்குக் கிடைப்பது, 131 சதவீதம். ஸ்டாண்டர்டு (ஒப்பிட வைத்திருக்கும், தெரிந்த அளவு டோபமைன் கரைசல்) போன வாரம் பி.பி.எஸ்.ஸில் கரைத்து ஃபிரிட்ஜில் வைத்தது, லேசாக ரோஸ் நிறம் தட்டியிருந்தது, ஆனால் நீர்த்த பிறகு நிறம் தெரியவில்லை.

தங்க உப்பு விலை கட்டுப்படியாகவில்லை, வெள்ளிக்கு மாறிவிடலாமா என்ற யோசனையும் இருக்கிறது. இன்னொன்று, நான் பார்க்கும் பேப்பர்களில் எல்லாம் நானோமோலார், அதற்கும் கீழே என்று கண்டறியும் எல்லை போடுகிறார்கள், எனக்கு 0.4 மைக்ரோமோலார்தான் வருகிறது. இதை வைத்துக்கொண்டு கமிட்டி முன்னால் நிற்க முடியுமா?

மின்முனை

தம்பி, எல்லாவற்றையும் மறைக்காமல் எழுதியதால்தான் பதில் சொல்ல முடிகிறது. பன்னிரண்டு வருடமாக இதே வேலையில் இருக்கிறேன். நீ சொன்னதில் பாதி, துகளில் உள்ள குறையே இல்லை.

முதலில் அந்த 1.2 வோல்ட். பி.பி.எஸ்.ஸில் என்ன இருக்கிறது என்று பாட்டில் லேபிளைப் பார், சோடியம் குளோரைடு 137 மில்லிமோலார். குளோரைடு இருக்கிற இடத்தில் தங்கத்தைச் சில்வர்-சில்வர் குளோரைடு ரெஃபரன்ஸுக்கு எதிராக 0.8, 0.9 வோல்ட்டைத் தாண்டிக் கொண்டுபோனால் தங்கம் குளோரோஆரேட்டாகக் கரைந்து பஃபருக்குள் போய்விடும். அதாவது நீ பாடுபட்டுக் கொதிக்கவைத்துச் செய்ததை ஒவ்வொரு ஸ்கேனிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பக் கரைத்துக்கொண்டிருக்கிறாய். பெரிய தங்கத் தகடென்றால் தெரியாது, ஐந்து மைக்ரோலிட்டர் சொட்டில் இருக்கும் தங்கத்துக்கு அது தாங்காது. டோபமைன் 0.2 வோல்ட்டுக்குள் வேலையை முடித்துவிடுகிறது, அப்புறம் எதற்கு 1.2? மைனஸ் 0.1-இலிருந்து 0.45 வரை போதும். பாராசிட்டமால் அளக்கும்போது மட்டும் 0.6 வரை போ.

ஆனால் குறைவது முழுக்க அதனால் மட்டும்தான் என்று சொல்ல மாட்டேன். டோபமைன் இரண்டு எலக்ட்ரான் இரண்டு புரோட்டானை இழந்து குவினோன் ஆகிறது, அந்தக் குவினோன் தன்னைத் தானே வளைத்து வளையமாக்கிக்கொண்டு, மேலும் ஆக்ஸிஜனேற்றமாகி, கடைசியில் மெலனின் மாதிரி ஒரு படலமாக எலக்ட்ரோடு மேல் படியும். நறுக்கி வைத்த வாழைக்காய் கறுக்கிறதே, அங்கும் நடப்பது கேட்டகால் (டோபமைனிலும் உள்ள அதே வளைய அமைப்பு) குவினோனாவதுதான். ஆக உன்னிடம் இரண்டு சந்தேக நபர்கள், ஒன்று தங்கம் போய்விட்டது, இன்னொன்று தங்கம் இருக்கிறது ஆனால் மூடப்பட்டுவிட்டது. இரண்டையும் பிரிக்க ஒரு நாள் ஒதுக்கினால் போதும். ஒரே மாதிரி இரண்டு எலக்ட்ரோடு தயார் செய். ஒன்றை அப்படியே 0.5 மோலார் கந்தக அமிலத்தில் சி.வி. ஓட்டு, திரும்பி வரும்போது 0.9 வோல்ட் பக்கம் தங்க ஆக்ஸைடு குறையும் பீக் வரும், அதன் சார்ஜை ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 390 மைக்ரோகூலம் என்ற கணக்கால் வகுத்தால் உண்மையான தங்கப் பரப்பு கிடைக்கும். இன்னொன்றை டோபமைனில் உன் பழைய விண்டோவிலேயே பத்து ஸ்கேன் ஓட்டிவிட்டுப் பிறகு அதே அமிலத்தில் போடு. சார்ஜ் குறைந்திருந்தால் தங்கம் போயிருக்கிறது. சார்ஜ் ஏறக்குறைய அப்படியே இருந்து, ஃபெர்ரிசயனைடில் (எலக்ட்ரோடு பரப்பைச் சோதிக்க வழக்கமாக எடுக்கும் கரைசல்) மட்டும் பீக் இடைவெளி விரிந்து உயரமும் குறைந்தால் படலம். ஃபெர்ரிசயனைடை அமிலத்துக்கு முன்னால் பார்த்துவிடு, அமிலத்தில் 1.4 வோல்ட் வரை போனால் படலத்தில் கொஞ்சம் எரிந்து போய்விடும், பிறகு பார்த்துப் பயனில்லை.

இரண்டாவது சந்தேகத்துக்கு வருகிறேன், டோபமைன் பீக் ஏன் பெரிதாகிறது. இது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். எலக்ட்ரோடு டோபமைனைக் குவினோனாக்குகிறது. பக்கத்தில் அஸ்கார்பேட் பத்து மடங்கு நிற்கிறது, அது குவினோனுக்கு எலக்ட்ரானைக் கொடுத்து திரும்ப டோபமைனாக்கிவிடுகிறது. அந்த டோபமைன் மறுபடியும் எலக்ட்ரோடுக்கு வந்து மறுபடியும் எலக்ட்ரான் கொடுக்கிறது. ஒரே ஆள் வரிசையில் திரும்பத் திரும்ப வந்து டோக்கன் வாங்குகிற மாதிரி. உன் கருவி டோக்கனைத்தான் எண்ணுகிறது. அதனால் அஸ்கார்பேட் இல்லாமல் போட்ட கேலிப்ரேஷன் கோட்டை வைத்து அஸ்கார்பேட் உள்ள மாதிரியைக் கணக்கிட்டால் விடை தப்பாகத்தான் வரும். ஸ்டாண்டர்டு அடிஷன் செய், அதாவது மாதிரிக்குள்ளேயே தெரிந்த அளவு டோபமைனைச் சேர்த்துச் சேர்த்துக் கோடு போடு.

பீக் ஒட்டிக்கொள்வதற்கு சார்ஜைப் பயன்படுத்து. பி.எச். 7.4-இல் டோபமைன் நேர்மின் அயனி, அஸ்கார்பேட்டும் யூரேட்டும் (யூரிக் அமிலத்தின் அயனி) எதிர்மின் அயனிகள். நாஃபியான் எதிர்மின் சார்ஜ் உள்ள பாலிமர், அரை சதவீதக் கரைசலில் இரண்டு மைக்ரோலிட்டர் மேலே விட்டால் அஸ்கார்பேட்டை வாசலிலேயே நிறுத்தும். தடிமனாகப் போட்டுவிடாதே, டோபமைனும் தாமதமாகத்தான் வந்து சேரும். ஆனால் உன் பாராசிட்டமாலுக்கு அந்த பி.எச்.சில் சார்ஜே கிடையாது, அது நாஃபியானுக்குள் நுழைந்துவிடும். பாராசிட்டமால் பீக் 0.35, 0.4 வோல்ட் பக்கம், யூரிக் அமிலமும் அதே தெருவில்தான் குடியிருக்கிறது, அங்கே உன் கவனம் வேண்டும்.

இந்த அஸ்கார்பேட் தொல்லைக்காக மனம் தளராதே. எலி மூளையில் எலக்ட்ரோடு வைத்து அளக்கலாம் என்று 1973-இல் கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் ரால்ஃப் ஆடம்ஸ் குழு முதன்முதலில் காட்டியபோது வந்த சிக்னலிலேயே பெரும்பங்கு அஸ்கார்பேட் என்று பிறகு தெரிய வந்தது. அதைப் புரிந்துகொண்டதிலிருந்துதான் இந்தத் துறையே வளர்ந்தது.

வெள்ளி வேண்டவே வேண்டாம், குறைந்தபட்சம் இந்த பஃபரில் வேண்டாம். குளோரைடில் வெள்ளி தானே ஆக்ஸிஜனேற்றமாகி வெள்ளி குளோரைடு ஆகும் இடம் 0.1 வோல்ட்டை ஒட்டி. உன் டோபமைன் பீக் உட்காரும் இடத்தில் வெள்ளியின் சொந்தப் பீக் வந்து உட்காரும், நீ அதை டோபமைன் என்று நம்பிப் பேப்பர் எழுதுவாய். தங்கத்தைச் சிக்கனப்படுத்த வேண்டுமென்றால் சொட்டு விடுவதை விட்டுவிட்டு, நீர்த்த குளோரோஆரிக் அமிலத்தில் எலக்ட்ரோடை வைத்து மின்படிவு செய், ஒரு சிட்டிகை உப்பு மாதக்கணக்கில் வரும், பிடிப்பும் நன்றாக இருக்கும்.

அப்புறம், தங்கம் இல்லாமல் சிட்ரேட் மட்டும் சொட்டு விட்ட எலக்ட்ரோடு, வெறும் கார்பன், இரண்டையும் பக்கத்தில் வைத்து அளந்தாயா? சொட்டு விட்ட படலம் நுண்துளைகளோடு காய்ந்தால், அந்தத் துளைகளுக்குள் மாட்டிய கரைசலே பீக்கை முன்னால் இழுத்து உயரமாக்கிக் காட்டும். ஆக்ஸ்ஃபோர்டின் ரிச்சர்ட் காம்ப்டன் குழு இதைத் தெளிவாகக் காட்டியிருக்கிறது. அதை வினையூக்கம் என்று எழுதிவிடும் பேப்பர்கள் நிறைய. கமிட்டியில் யாராவது கேட்டால் உன் கையில் அந்த ஒப்பீடு இருக்க வேண்டும்.

பெரம்பூர்_லேப்

மின்முனை மேடம் எலக்ட்ரோடு பக்கம் சொல்லிவிட்டார்கள், நான் மருத்துவமனை லேபிலிருந்து பேசுகிறேன்.

அந்த 131 சதவீதத்தைப் பார்த்ததும் எனக்கு உறுத்தியது ரோஸ் நிறம்தான். டோபமைன் பி.எச். 7.4-இல் காற்றுப் பட்டாலே கெட ஆரம்பித்துவிடும், ஒரு வாரம் வைத்து நிறம் மாறியிருந்தால் அதில் எழுதியிருக்கும் அளவு டோபமைன் இப்போது இல்லை. ஸ்டாண்டர்டில் நான்கில் ஒரு பங்கு போயிருந்தால் போதும், நல்ல மாதிரி 133 சதவீதம் என்று காட்டும். ஊசி மருந்து கூடுதலாக இல்லை, உங்கள் அளவுகோல் சுருங்கியிருக்கிறது. 0.1 மோலார் பெர்குளோரிக் அமிலத்தில் அன்றன்று கரையுங்கள், 10 மில்லிமோலாரில் 10 மில்லிலிட்டர் வேண்டுமென்றால் டோபமைன் ஹைட்ரோகுளோரைடு 19 மில்லிகிராம்தான் ஆகிறது, ஐஸில் வைத்து, அலுமினியத் தாள் சுற்றி, மாலையில் கொட்டிவிடுங்கள். கொட்டுவதற்கு மனம் வராதுதான், ஆனால் வேறு வழியில்லை.

ஆம்பியூல் லேபிளையும் படியுங்கள். 5 மில்லியில் 200 மில்லிகிராம் டோபமைன், அதோடு கெடாமல் இருக்க சோடியம் மெட்டாபைசல்ஃபைட் போட்டிருப்பார்கள். சல்ஃபைட்டும் எலக்ட்ரோடில் ஆக்ஸிஜனேற்றமாகும். அதே விகிதத்தில் மெட்டாபைசல்ஃபைட் மட்டும் உள்ள பிளாங்க் ஒன்று ஓட்டிப் பாருங்கள்.

இப்போது நானோமோலார் கவலை. இதில் எனக்குக் கொஞ்சம் ஆதங்கம் உண்டு, அதனால் நீளமாக எழுதுகிறேன். எதை, எங்கே, எதற்காக அளக்கிறோம் என்று கேட்காமல் எல்லை எண்ணை மட்டும் கீழே கீழே தள்ளுவதால் வார்டில் இருக்கும் நோயாளிக்கு ஒன்றும் கிடைப்பதில்லை. ரத்த பிளாஸ்மாவில் டோபமைன் நானோமோலாருக்கும் கீழே, அதே பிளாஸ்மாவில் யூரிக் அமிலம் 200-இலிருந்து 400 மைக்ரோமோலார், வைட்டமின் சி சில பத்து மைக்ரோமோலார், அதற்கு மேல் லிட்டருக்கு 35-இலிருந்து 50 கிராம் அல்புமின். பஃபரில் நானோமோலார் வந்தது என்பதற்கும் இந்தக் குழம்பில் அளப்பதற்கும் சம்பந்தமே இல்லை. ரத்தத்தில் கேட்டகோலமைன் (டோபமைன் வகைப் பொருள்கள்) பார்க்க எங்களைப் போன்றவர்கள் முதலில் ஹெச்.பி.எல்.சி.யில் பிரித்துவிட்டுத்தான் மின்வேதி டிடெக்டருக்கு அனுப்புவோம், இல்லையென்றால் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர்.

மாறாக பாராசிட்டமாலை எடுத்துக்கொள்ளுங்கள். அதிகமாக விழுங்கிவிட்டு வரும் கேஸ்களை நான் பார்த்திருக்கிறேன், பெரும்பாலும் பரீட்சை முடிவு வரும் மாதங்களில், சின்னப் பிள்ளைகள். விழுங்கி 4 மணி நேரம் கழித்து ரத்தத்தில் மில்லிக்கு 150 மைக்ரோகிராம் இருந்தால் முறிவு மருந்தான அசிட்டைல்சிஸ்டீன் கொடுக்க வேண்டும், 8 மணி நேரத்துக்குள் தொடங்கினால் கல்லீரலைக் காப்பாற்ற மிக நல்ல வாய்ப்பு. அந்த 150 மைக்ரோகிராம் என்பது கிட்டத்தட்ட 1 மில்லிமோலார். உங்கள் 0.4 மைக்ரோமோலார் இதற்கு 2,500 மடங்கு கூடுதல் உணர்திறன்! இங்கே தேவைப்படுவது, இரவு இரண்டு மணிக்கு ஒரு சின்ன ஊரின் ஆஸ்பத்திரியில் விரல் நுனி ரத்தத்தில் ஐந்து நிமிடத்தில் விடை சொல்லும், புரதம் படிந்தாலும் தடுமாறாத ஒரு ஸ்ட்ரிப். அதைச் செய்யுங்கள், நாங்கள் வாங்கிக்கொள்கிறோம்.

நரம்புக் கடத்தி பக்கமே இருக்க வேண்டும் என்றால் லெவோடோபா, உடலுக்குள் டோபமைனாக மாறும் மருந்து. பார்க்கின்சன் நோயாளி மாத்திரை போட்ட பிறகு பிளாஸ்மாவில் மைக்ரோமோலார் அளவில் ஏறி, ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகிவிடும், மருந்து ஏறும்போது கை நடுக்கம் அடங்கும், இறங்கும்போது திரும்பி வரும். உங்கள் எல்லைக்குள் வருகிற ஆள். ஆனால் அந்த மாத்திரையில் கூடவே வரும் கார்பிடோபாவும் கேட்டகால்தான், அதே இடத்தில் பீக் கொடுக்கும், அதற்கு இப்போதே வழி யோசியுங்கள்.

ஒரு விஷயம், மனித சீரம் எடுப்பதாக இருந்தால் எதிக்ஸ் கமிட்டி அனுமதி வாங்கிவிட்டுத் தொடங்குங்கள். நண்பனிடம் ஐந்து மில்லி கேட்டு வாங்கிவிடலாம் என்று நினைக்க வேண்டாம், பேப்பர் அனுப்பும்போது சிக்கிக்கொள்வீர்கள்.

தரமணி_ஆய்வாளர்

மின்முனை அக்கா, பெரம்பூர் சார், இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. அந்தப் பழைய ஸ்டாண்டர்டை இன்றைக்கே கொட்டிவிட்டேன். கேட்க மறந்தது ஒன்று: காலையில் எடுத்தால் டோபமைன் பீக் 0.18, மதியம் 0.22, சில நாள் கோடு முழுக்க ரம்பப் பல் மாதிரி நடுங்குகிறது. இதுவும் எலக்ட்ரோடு பரப்பு மாறுவதாலா?

சால்டரிங்

அது பரப்பு இல்லை. கல்லூரி லேப்களுக்குப் பொடென்ஷியோஸ்டாட் (எலக்ட்ரோடுக்கு வோல்ட் கொடுத்து மின்னோட்டத்தை அளக்கும் கருவி) சர்வீஸ் செய்கிறேன், இந்த அறிகுறியோடு வாரம் ஒருவர் கூப்பிடுகிறார்.

பீக் மொத்தமாக நகர்ந்தால் முதலில் ரெஃபரன்ஸ் எலக்ட்ரோடைத் தூக்கி வெளிச்சத்தில் பாருங்கள். உள்ளே இருக்கும் பொட்டாசியம் குளோரைடு அளவு கம்பிக்குக் கீழே இறங்கியிருக்கும், இல்லையென்றால் நுனியில் ஒரு காற்றுக் குமிழி உட்கார்ந்திருக்கும், அல்லது அடியில் உள்ள வெள்ளை ஃபிரிட் (நுண்துளை அடைப்பு) மஞ்சளாகி அடைத்திருக்கும். நம் ஊர் வெயிலில் அதைக் காய விட்டால் ஒரே வாரத்தில் உப்புப் பூத்துவிடும், வேலை முடிந்ததும் 3 மோலார் பொட்டாசியம் குளோரைடில் முக்கி வையுங்கள். புதிதாக ஒரு ரெஃபரன்ஸ் வாங்கி யாரும் தொடாமல் ஒதுக்கி வைத்து, மற்றதை மாதம் ஒருமுறை அதற்கு எதிராக மல்டிமீட்டரில் பாருங்கள், சில மில்லிவோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் விடை கொடுத்துவிட வேண்டியதுதான்.

கோட்டின் நடுக்கத்துக்கு மெயின் கரன்ட்டின் 50 ஹெர்ட்ஸ் காரணம். யு.பி.எஸ்., பக்கத்து மேசை ஸ்டிரர், மொபைல் சார்ஜர், எல்லாம் பாடும். பெரிய பிஸ்கட் டின் ஒன்றில் ஒயர் போக ஓட்டை போட்டு, செல்லை உள்ளே வைத்து மூடி, டின்னை பொடென்ஷியோஸ்டாட்டின் எர்த்தோடு சேருங்கள், பெயின்ட்டைச் சுரண்டிவிட்டுச் சேருங்கள், பலர் பெயின்ட் மேலேயே கிளிப் மாட்டிவிட்டு வேலை செய்யவில்லை என்கிறார்கள். கிளிப் பல்லில் பச்சை பிடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். கடற்காற்றுக்குப் பித்தளை நிற்காது.

மதியம் பீக் உயரமும் மாறுகிறதா? அது வேறு கதை. ஏ.சி. நின்றால் ஒரு டிகிரிக்கு 2 சதவீதம் மாதிரி டிஃப்யூஷன் கூடும். காலையில் 25 டிகிரி, மதியம் கரன்ட் போய் 33 டிகிரி என்றால் நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். தெர்மாமீட்டரை செல் பக்கத்திலேயே வைத்து ஒவ்வொரு ரீடிங்கோடும் எழுதுங்கள்.

தரமணி_ஆய்வாளர்

ஒன்பது நாள் கழித்து வருகிறேன்.

அக்கா சொன்ன அமிலச் சோதனை செய்தேன். பத்து ஸ்கேன் ஓடிய எலக்ட்ரோடில் தங்க ஆக்ஸைடு சார்ஜ் புதிய எலக்ட்ரோடில் இருந்ததில் பாதிதான். இரண்டு மாதமாகப் படலம், படலம் என்று எத்தனால், அமிலம், என்னென்னவோ போட்டுக் கழுவிக்கொண்டிருந்தேன், தங்கம் பஃபரோடு சிங்கில் போயிருக்கிறது. விண்டோவை 0.45-இல் நிறுத்திய பிறகு பத்தாவது ஸ்கேனில் 90 சதவீதத்துக்கு மேல் நிற்கிறது. மிச்சம் குறைவது நீங்கள் சொன்ன மெலனின் படலமாகத்தான் இருக்க வேண்டும், ஃபெர்ரிசயனைடில் இடைவெளி 74-இலிருந்து 96 மில்லிவோல்ட்டுக்கு விரிந்திருக்கிறது. டி.பி.வி.க்கு (துடிப்புத் துடிப்பாக வோல்ட் கொடுத்து அளக்கும் முறை) மாறி, இரண்டு அளவுக்கு நடுவில் வெறும் பஃபரில் 30 நொடி கலக்கிவிட்டு எடுத்தால் இன்னும் நன்றாக இருக்கிறது.

புது ஸ்டாண்டர்டில், ஸ்டாண்டர்டு அடிஷன் முறையில் ஊசி மருந்து 103 சதவீதம். மெட்டாபைசல்ஃபைட் பிளாங்க்கில் டோபமைன் இடத்தில் எதுவும் வரவில்லை, இன்னும் மேலே போனால்தான் ஒரு மேடு தெரிகிறது.

சிட்ரேட் மட்டும் விட்ட எலக்ட்ரோடையும் வைத்துப் பார்த்தேன். டோபமைனுக்குத் தங்கம் தருவது நான் நினைத்ததைவிடக் குறைவு, வெறும் கார்பனைவிட ஒன்றரை மடங்குதான் பீக் உயரம். அதை அப்படியே கமிட்டிக்குக் காட்டப் போகிறேன். கைடிடமும் பேசிவிட்டேன், பாராசிட்டமாலை முன்னால் வைத்து, 50 மைக்ரோமோலார் முதல் 2 மில்லிமோலார் வரை, யூரிக் அமிலம் 400 மைக்ரோமோலார், அல்புமின் 40 கிராம் போட்ட கரைசலில் எவ்வளவு நேரம் எலக்ட்ரோடு தாக்குப்பிடிக்கிறது என்று பார்ப்பதுதான் அடுத்த வேலை. அல்புமினில் முதல் நாள் முயற்சியில் பீக் மூன்றில் ஒரு பங்காகிவிட்டது. நாஃபியான் அங்கே உதவுமா, வேறு ஏதாவது பூச வேண்டுமா?

மின்முனை

103 வந்ததற்கு எனக்கே சந்தோஷம். அல்புமின் பி.எச். 7.4-இல் எதிர்மின் சார்ஜ்தான், நாஃபியான் ஓரளவு தள்ளும், ஆனால் தனியாக அதை மட்டும் நம்பாதே. சிறு மூலக்கூறுகளை விட்டுப் புரதத்தை நிறுத்தும் செல்லுலோஸ் அசிடேட் படலம் ஒன்றைச் சேர்த்துப் பார். சென்னை ஈரப்பதத்தில் படலம் காயும்போது வெள்ளையாகப் பூத்து நுண்துளை பெரிதாகும், ஈரம் உறிஞ்சும் டெசிக்கேட்டருக்குள் வைத்துக் காயவிடு. முதலில் வெறும் ஃபெர்ரிசயனைடு, பிறகு பாராசிட்டமால், கடைசியில்தான் அல்புமின். மூன்று எலக்ட்ரோடு சேர்த்துச் செய்து, மூன்றின் எண்ணையும் இங்கே போடு, பார்க்கிறேன்.